சர்ச்சில் பள்ளியில் ஏன் தினமும் லேட்? அம்மாவுக்கு வந்த அந்தப் புகார்க் கடிதமும், அதற்குப் பிறகு நடந்ததும்

வின்ஸ்டன் சர்ச்சில் ஆறாம் வகுப்பில் ஃபெயில், ஆனாலும் பிரிட்டன் பிரதமர் ஆனார். இப்படி ஒரு ஃபார்வேர்டு உங்க போனுக்கும் எப்போதாவது வந்திருக்கும். ஏடிஹெச்டி இருந்த பிரபலங்கள் என்று இன்னொரு பட்டியல் சுற்றும். அதிலும் அவர் படம் இருக்கும்.

இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஃபெயில் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஏடிஹெச்டி என்று எந்த டாக்டரும் அவரைப் பரிசோதித்துச் சொன்னதும் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் பெயரே பிறக்கவில்லை. இறந்துபோன ஒருவருக்கு இப்போது உட்கார்ந்துகொண்டு நோய்ப்பெயர் சூட்டுவதில் அர்த்தமும் இல்லை.

ஆனா ஒரு விஷயம் உண்மை. அவருடைய ரிப்போர்ட் கார்டுகளும், ஆசிரியர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் இன்றும் இருக்கின்றன. டைரியில் சிவப்பு மையில் புகார் வாங்கி வரும் பிள்ளையின் அம்மா அப்பா யாராவது அதைப் படித்தால், இது நம்ம வீட்டுக் கதையாச்சே என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். தினமும் லேட், புத்தகம் தொலைப்பது, பிடித்த பாடத்தில் முதல், பிடிக்காத பாடத்தில் கடைசி. அந்தப் பையனைச் சுற்றி இருந்த பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்களா, இல்லையா? அந்தக் கதைதான் இது.

சர்ச்சில் என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். இந்தியச் சுதந்திரத்தைக் கடைசிவரை எதிர்த்தவர். 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவர் அரசு நடந்துகொண்ட விதத்தை இங்கே யாரும் மறக்கப் போவதில்லை. அந்தக் கணக்கு தனி. இங்கே நாம் பார்க்கப் போவது ஏழு வயதில் ஹாஸ்டலுக்கு அனுப்பப்பட்ட ஒரு பையனை.

யார் வீட்டுப் பிள்ளை?

பிறந்தது 1874 நவம்பர் 30, பிளென்ஹைம் அரண்மனையில். தாத்தா மார்ல்பரோ பிரபு. அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில், நாடாளுமன்ற உறுப்பினர், வேகமாக மேலே வந்துகொண்டிருந்த அரசியல்வாதி. அம்மா ஜென்னி, அமெரிக்கப் பணக்காரர் வீட்டுப் பெண். அரசியல், விருந்து, பயணம் என்று இருவருமே எப்போதும் பிஸி.

பிள்ளையை வளர்த்தது ஆயா எலிசபெத் எவரெஸ்ட் அம்மாள். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, முதல் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவர்தான். அந்தக் கால ஆங்கிலேய மேட்டுக்குடி வீடுகளில் இது சாதாரணம். அதனால் அம்மா அப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. ஆனா பையனுக்கு அது சாதாரணமாக இருக்கவில்லை என்பது அவன் எழுதிய கடிதங்களில் தெரிகிறது. எப்போ வருவீங்க, ஏன் வரலை, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. பத்து வருஷத்துக்கும் மேலாக அவன் எழுதியதன் சாரம் இதுதான்.

முதல் பள்ளி: கார்டு வந்தது, யாரும் போகவில்லை

1882 நவம்பரில், எட்டு வயது முடிவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஆஸ்காட் என்ற ஊரில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளியில் சேர்த்தார்கள். புதுசாகத் தொடங்கிய பள்ளி. கட்டணம் அதிகம், மின்விளக்கு எல்லாம் உண்டு. பெரிய பள்ளிகளில் இடம் பிடிக்கப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. நம்ம ஊர் கோச்சிங் சென்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹாஸ்டலோடு.

முதல் நாளே லத்தீன் இலக்கணம். மேசை என்ற சொல்லின் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார் ஆசிரியர். மேசையை விளிப்பதற்கும் ஓர் உருபு இருந்தது. மேசையை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பையன் கேட்டான். உண்மையிலேயே புரியாமல் கேட்டான். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணினால் தண்டனை கிடைக்கும் என்று பதில் வந்தது. பிற்காலத்தில் தன் இளமைப் பருவ நினைவுகளை எழுதியபோது அவரே சொன்ன கதை இது.

தலைமை ஆசிரியர் ஸ்னெய்ட் கின்னர்ஸ்லி ஒரு பாதிரியார். பிரம்படிக்குப் பேர்போனவர். பின்னாளில் புகழ்பெற்ற ஓவிய விமர்சகரான ரோஜர் ஃப்ரை அதே பள்ளியில் மூத்த மாணவர். அடி வாங்கும் சின்னப் பையன்களைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலையாக இருந்தது. அங்கே நடந்த கொடுமையை அவரும் எழுதி வைத்திருக்கிறார். சர்ச்சில் போன பிறகு அந்தப் பள்ளிக்கு வந்த எழுத்தாளர் மாரிஸ் பேரிங் இன்னொரு கதை கேள்விப்பட்டார். சர்க்கரை திருடியதற்காக அடி வாங்கிய வின்ஸ்டன், தலைமை ஆசிரியரின் வைக்கோல் தொப்பியை எடுத்து மிதித்துக் கிழித்துவிட்டானாம்.

ரிப்போர்ட் கார்டு என்ன சொன்னது? 11 பேர் இருந்த பிரிவில் 11-வது இடம். 1884 வசந்த காலப் பருவத்தில் 20 முறை லேட். எல்லோருக்கும் ஓயாத தொல்லை, எப்போதும் ஏதாவது ஒரு வம்பில் இருப்பவன் என்று நடத்தைக் குறிப்பு. அதே கார்டுகளில் வரலாறு, புவியியல் பக்கத்தில் மட்டும் நல்ல பெயர்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். ஒரே பையன், ஒரே பள்ளி. ஒரு பாடத்தில் நன்றாகப் படிக்கிறான், இன்னொன்றில் கடைசி. அறிவு குறைவு என்றால் எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் வேறு ஏதோ நடக்கிறது. இந்தக் கேள்வியைப் பள்ளியும் கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. பள்ளி அடித்தது. வீடு கார்டை வாங்கி வைத்துக்கொண்டது.

பையன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அடி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷமா இருக்கேன் என்றுதான் எழுதினான்.

முதுகைப் பார்த்தது யார்?

குடும்பத்தில் சொல்லப்படும் கதை இது. விடுமுறைக்கு வந்த பையன் உடம்பில் இருந்த பிரம்புத் தழும்புகளை எவரெஸ்ட் அம்மாள் பார்த்தார், ஜென்னியிடம் காட்டினார், அதோடு அந்தப் பள்ளி முடிந்தது. இதில் எவ்வளவு அப்படியே நடந்தது என்பது இருக்கட்டும். 1884 கோடையோடு பையனை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் பதிவில் உள்ள உண்மை.

ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாகத் திட்டு வாங்குகிறார்கள், அதிகமாகத் தண்டிக்கப்படுகிறார்கள். இது இன்று மருத்துவர்களும் ஆசிரியர்களும் நன்றாகவே அறிந்த விஷயம். பல பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் வீட்டிலும் ஒரு ரவுண்டு விழும் என்ற பயம்தான் காரணம். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் இருக்கு. ஆனா தழும்பைப் பார்க்க ஒரு எவரெஸ்ட் அம்மாள் வீட்டில் இருக்கணுமே?

பிரைட்டன்: அதே பையன், வேறு ஆசிரியர்கள்

அடுத்த பள்ளி பிரைட்டன் கடற்கரையில். தாம்சன் என்ற இரண்டு சகோதரிகள் நடத்திய சின்னப் பள்ளி. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், குடும்ப மருத்துவர் ராப்சன் ரூஸ் அங்கே இருந்தது. பையனுக்கு உடம்பும் அடிக்கடி படுத்தியது.

போனதும் மாறிவிட்டானா? இல்லவே இல்லை. நடத்தைப் பட்டியலில் முதல் பருவத்தில் அடிமட்டத்தில்தான் இருந்தான். 1884 டிசம்பரில் வகுப்பில் ஒரு சண்டை. பக்கத்துப் பையன் பேனாக்கத்தியால் அவன் நெஞ்சில் லேசாகக் குத்திவிட்டான். அப்பா அப்போது இந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அம்மா அவருக்கு நடந்ததை எழுதினார். நம்ம பையன்தான் அவனை நன்றாகச் சீண்டியிருப்பான், இது அவனுக்கு ஒரு பாடம் என்பது அவர் கருத்து. பெற்ற அம்மாவே இப்படியா என்று தோன்றலாம். ஆனா தன் பிள்ளையின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் அதில் தெரிகிறது.

தாம்சன் சகோதரிகள் செய்தது ரொம்ப எளிமையானது. அவனுக்கு எதில் ஆர்வமோ அதைப் படிக்க விட்டார்கள். பிரெஞ்சு, வரலாறு, மனப்பாடமாக நிறையக் கவிதை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையேற்றம், நீச்சல். உடம்பு ஓய்ந்த பிறகு மனசு உட்காரும் என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். அங்கே நடந்தது அதுதான். பருவத்துக்குப் பருவம் பாடங்களில் அவன் இடம் மேலே ஏறியது. 1886 மார்ச்சில் நிமோனியா வந்து சாகப் பிழைக்கக் கிடந்தபோது டாக்டர் ரூஸ் படுக்கை பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. 1885-ல் அரசியல் கூட்டத்துக்காக அப்பா பிரைட்டன் வந்தார். அப்போது அவர் லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர். அதே ஊரில் படிக்கும் மகனை எட்டிப் பார்க்காமலே போய்விட்டார். ஏன் வரவில்லை, வேலை அதிகமோ என்று பையன் கடிதம் எழுதினான். காரணத்தையும் அவனே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான் பாருங்க.

ஹாரோ: அந்தக் கடிதம்

1888 ஏப்ரலில், பதிமூன்று வயதில், லண்டனை ஒட்டிய புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் சேர்ந்தான். நுழைவுத் தேர்வில் லத்தீன் தாளில் தன் பெயரையும், கேள்வி எண்ணையும், ஒரு மைக்கறையையும் தவிர எதுவும் எழுதவில்லை என்று சர்ச்சில் பின்னாளில் சொன்னார். தன்னை மக்கு என்று பெரிதுபடுத்திச் சொல்வதில் அவருக்கு ஒரு குஷி உண்டு, அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்கலாம். எப்படியோ தலைமை ஆசிரியர் வெல்டன் அவனைச் சேர்த்துக்கொண்டார். கிடைத்தது கடைசி வகுப்பு.

முதல் பருவம் முடியும் முன்பே, 1888 ஜூலை 12 அன்று, விடுதிப் பொறுப்பாசிரியர் டேவிட்சன் அம்மா ஜென்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். வார விடுமுறையில் பையனை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் விஷயம். வகுப்பாசிரியரோடு நிறையப் பேசி, ரொம்பத் தயங்கி, அனுப்பலாம் என்று முடிவு செய்ததாகச் சொன்னார். அதற்கு அவன் தகுதியாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுதியதுதான் முக்கியம். பையன் வேண்டுமென்றே தொந்தரவு செய்பவன் இல்லை என்று சொன்னார். மறதி, அலட்சியம், நேரம் தவறுவது, எதிலும் ஒழுங்கின்மை ஆகியவை எல்லை மீறிப் போவதாகச் சொன்னார். வகுப்புக்குத் தினமும் லேட், புத்தகங்களும் தாள்களும் தொலைகின்றன, பருவம் போகப் போக நிலைமை மோசமாகிறது என்றார். அவன் திறமைக்கு வகுப்பில் முதல் இடத்தில் இருக்க வேண்டியவன், கடைசியில் இருக்கிறான் என்றார். வரலாற்றில் அவன் செய்த வேலையைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். இந்தப் பழக்கங்களை இப்போது வெல்லாவிட்டால் பெரிய பள்ளியில் தேறுவது கஷ்டம், வீட்டிலும் நீங்கள் அவனிடம் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இதை வெறும் புகாராகப் படித்தால் கோபம் வரும். தகவலாகப் படித்துப் பாருங்க. என்ன செய்கிறான், எத்தனை நாளாக, எந்த வேலையில் நன்றாக இருக்கிறான், வேண்டுமென்றே செய்கிறானா, வீட்டில் என்ன வேண்டும். எல்லாமே இருக்கிறது. இன்று ஒரு குழந்தைநல மருத்துவரோ மனநல மருத்துவரோ ஏடிஹெச்டி இருக்கா என்று பார்க்கும்போது ஆசிரியரிடம் கேட்பது கிட்டத்தட்ட இவற்றைத்தான்.

ஏன் ஆசிரியரிடம் கேட்கணும்? ஏடிஹெச்டி என்பது கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுவது ஆகியவை வயதுக்கு மீறிய அளவில் தொடர்ந்து இருக்கும் நிலை. அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிய வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ இருந்தால் போதாது, இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. டாக்டரின் அறையில் பத்து நிமிடம் சமர்த்தாக உட்காரும் பிள்ளையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அவனைப் பார்ப்பது கிளாஸ் டீச்சர்தான். அவர் எழுதித் தரும் குறிப்பு இல்லாமல் பாதிப் படம்தான் தெரியும்.

டேவிட்சனுக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தைநல மருத்துவர் லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் முன் விரிவுரை ஆற்றியது 1902-ல். ஏடிஹெச்டி என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் வந்தது 1987-ல். ஆனா தெரிந்ததை ஒளிக்காமல், பிள்ளையின் நல்லதையும் சேர்த்து எழுதினார். அந்த மாதிரி ஒரு டீச்சர் கிடைத்தால் விடாதீங்க.

வாராவாரம் ரிப்போர்ட்: நல்ல யோசனை எங்கே கெட்டது?

அடுத்த வருஷம் பையன் தலைமை ஆசிரியர் வெல்டனின் சொந்த விடுதிக்கு மாறினான். அந்தக் காலத்தில்தான் வெல்டன் அவனை ரிப்போர்ட் முறையில் வைத்தார். அதாவது, ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் ஆசிரியரும் அவன் எப்படி இருந்தான் என்று குறிப்புத் தர வேண்டும்.

கேட்க நல்லாத்தானே இருக்கு? உண்மையில் இன்று ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குப் பள்ளியும் வீடும் சேர்ந்து செய்யும் முறைகளில் முக்கியமானது இதன் நெருங்கிய சொந்தம். தினசரி குறிப்பு அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். டீச்சரும் பெற்றோரும் உட்கார்ந்து இரண்டு மூன்று இலக்குகளை மட்டும் எடுக்கிறார்கள். நோட்டை மறக்காமல் எடுத்து வருவது, கையைத் தூக்கிவிட்டுப் பேசுவது, கொடுத்த கணக்கில் பாதியாவது முடிப்பது, இந்த அளவுக்குச் சின்ன இலக்குகள். பீரியட் முடிந்ததும் டீச்சர் ஒரு டிக் போடுகிறார். சாயங்காலம் அட்டை வீட்டுக்கு வருகிறது. டிக் இருந்தால் அன்றைக்கே ஒரு சின்னப் பரிசு. சைக்கிள் ஒரு ரவுண்டு, கூடுதலாக ஒரு கதை. மார்க் ஷீட் வரும் வரை காத்திருக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கழித்து வரும் பரிசும் தண்டனையும் ரொம்ப ரொம்ப தூரம்.

ஹாரோவில் நடந்தது வேறு. குறிப்பு வாரத்துக்கு ஒருமுறை. போய்ச் சேர்வது தலைமை ஆசிரியரிடம். மோசமானால் வீட்டுக்குப் போகும் விடுமுறை ரத்து. எப்போது முடியும் என்று பையனுக்கே தெரியாது. அவன் பார்வையில் அது முடிவில்லாத அவமானம். அம்மாவுக்கு எழுதினான். நேரில் வந்து வெல்டனிடம் சண்டை போடச் சொன்னான். எனக்காக நீங்க பேசாவிட்டால் வேறு யாரும் பேச மாட்டார்கள் என்பது அவன் சொன்னதன் பொருள்.

அந்தக் கடிதத்தில் சண்டை போடு என்பதை எடுத்துவிட்டு மீதியைப் பார்க்கணும். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு பக்கம், தான் மட்டும் ஒரு பக்கம் என்று பையன் நினைக்கிறான். அவனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அவனோடு யாரும் பேசவில்லை. அட்டை ஒன்றுதான். வீட்டில் ஒருவர் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கினால் உதவி. வாங்க ஆளில்லாவிட்டால் அது போலீஸ் ஸ்டேஷனில் வாரம் ஒருமுறை போடும் கையெழுத்து.

வழி கண்டுபிடித்த இருவர்

கடைசி வகுப்பிலேயே நீண்ட நாள் உட்கார வேண்டியிருந்ததால் சர்ச்சிலுக்கு ஒரு லாபம். லத்தீனும் கிரேக்கமும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. மீதிப் பேருக்கு ஆங்கிலம். அதை எடுத்தவர் ராபர்ட் சாமர்வெல். நீளமான வாக்கியத்தை எடுத்து, எழுவாய் ஒரு நிறம், பயனிலை ஒரு நிறம், செயப்படுபொருள் ஒரு நிறம், துணை வாக்கியம் ஒரு நிறம் என்று கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை மையில் பிரித்துக் காட்டுவார். தினமும் அதே பயிற்சி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கை வேலையோடு, துண்டு துண்டாக. கவனம் சிதறும் பிள்ளைக்கு இன்று எந்தச் சிறப்பாசிரியரைக் கேட்டாலும் சொல்லும் முறை இது. ஆங்கில வாக்கியத்தின் கட்டமைப்பு தன் எலும்பில் ஏறியது அங்கேதான் என்பதைச் சர்ச்சில் கடைசிவரை நன்றியோடு சொன்னார். 1953-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இலக்கியத்துக்கானது.

இன்னொருவர் கணக்கு ஆசிரியர் மேயோ. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் சர்ச்சில் முதல் முறை எழுதியபோது கணக்கில் 2500-க்கு சுமார் 500. அவரே எழுதியபடி, அடுத்த முறை கிட்டத்தட்ட 2000. இடையில் இருந்தது சில மாதங்கள், மேயோவும் கூடவே உட்கார்ந்தார். கணக்கு என்பது அர்த்தமில்லாத குறிகளின் சேறு அல்ல, உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நம்ப வைத்ததுதான் அவர் செய்த வேலை.

அதே ஹாரோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிதை வரிகளை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்துப் பரிசும் வாங்கினான் இந்தப் பையன். மறதி என்று டேவிட்சன் எழுதியதும் இவனைத்தான். இரண்டுமே உண்மைதான். கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் ஞாபகம் இருக்கு, ஹோம்வொர்க் மட்டும் மறந்துடுதா என்று பிள்ளையைக் கேட்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம். ஆர்வம் இருக்கும் இடத்தில் கவனம் தானாக ஒட்டும். இல்லாத இடத்தில் அதை ஒட்டவைப்பதுதான் இவர்களுக்குக் கஷ்டம்.

அப்பாவின் கடிதம்

1890 ஜூனில் அம்மா எழுதிய கடிதத்தில் கோபம் தெரிகிறது. விட்டு விட்டுப் படிக்கிறாய், இப்படிப் படித்தால் கடைசியில்தான் வருவாய், அப்பா ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார் என்பது அதன் சாரம். டேவிட்சன் இரண்டு வருஷம் முன்பு சொன்ன அதே விஷயம்தான். அவர் பிரச்னையை விவரித்தார், அம்மாவின் கடிதம் பையனைத் திட்டியது. நடுவில் பள்ளியும் வீடும் உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. புகார் வீட்டுக்கு வந்தது, வீட்டிலிருந்து திட்டாகப் பையனிடம் திரும்பியது. பல வீடுகளில் இன்றும் டைரி இப்படித்தான் வேலை செய்கிறது.

1893-ல், மூன்றாவது முயற்சியில், சாண்ட்ஹர்ஸ்ட் கிடைத்தது. பையன் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதினான். ஆகஸ்டில் பதில் வந்தது. காலாட்படையில் சேரும் அளவுக்கு மார்க் வரவில்லை, குதிரைப்படைதான் கிடைத்தது, அதற்குச் செலவு அதிகம் என்பது அப்பாவின் கோபம். பள்ளியில் உருப்படாமல் போன நூற்றுக்கணக்கானவர்களில் நீயும் ஒருவனாகச் சீரழிந்து போவாய் என்ற பொருளில் அந்தக் கடிதம் போகிறது. அப்பா அப்போது கடும் நோயில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1895 ஜனவரி 24 அன்று 45 வயதில் இறந்தார். மகன் தேறியதை அவர் பார்க்கவே இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் 130 பேர் கொண்ட சாண்ட்ஹர்ஸ்ட் வகுப்பில் மகன் 20-வது இடத்தில் முடித்திருந்தான். அங்கே லத்தீன் இல்லை. போர் உத்தி, அரண் அமைப்பு, குதிரை.

பெங்களூருவுக்கு வந்த பார்சல்கள்

1896 அக்டோபரில் சர்ச்சிலின் படைப்பிரிவு இந்தியா வந்து பெங்களூருவில் முகாம் போட்டது. காலையில் பயிற்சி, மாலையில் போலோ, நடுவே நீண்ட வெயில் நேரம். பல்கலைக்கழகம் போகாத குறை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அம்மாவுக்கு எழுதினார், புத்தகம் அனுப்புங்க என்று.

இந்த முறை ஜென்னி அனுப்பினார். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய கிப்பனின் 8 தொகுதிகள், மெக்காலேயின் 12 தொகுதிகள், பிளேட்டோ, நாடாளுமன்ற நடப்புகளைச் சொல்லும் பழைய ஆண்டுத் தொகுப்புகள். கப்பலில் பார்சல் பார்சலாக வந்தன. ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் படித்தார் அந்த லெப்டினன்ட். 20 முறை லேட் என்று கார்டு வாங்கிய அதே ஆள். அடுத்து எழுதிய முதல் புத்தகத்துக்கு லண்டனில் பதிப்பாளர் கிடைக்க ஏற்பாடு செய்ததும் அம்மாதான். அப்பா இறந்த பிறகு தாங்கள் இருவரும் அக்கா தம்பி மாதிரி சேர்ந்து வேலை செய்ததாகச் சர்ச்சில் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பள்ளிக்காலத்தில் அவன் கேட்ட ஆள் கிடைத்தபோது அவனுக்கு வயது 21. (பெங்களூரு கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி இன்றுவரை பேசப்படுகிறது. அந்த மறதி மட்டும் போகவில்லை போல.)

நேரம் தவறும் பழக்கமும் போகவில்லை. பிரதமரான பிறகும் ரயிலுக்குக் கடைசி நிமிஷம்தான் வருவார். ஆனா தனக்கு ஏற்ற மாதிரி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார். காலையில் படுக்கையிலேயே வேலை, மதியம் கட்டாயத் தூக்கம். எழுதுவதற்குப் பதில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள உதவியாளர்கள். அவசரக் கோப்புகளுக்கு, இன்றே செய்யவும் என்ற சிவப்புச் சீட்டு.

எவரெஸ்ட் அம்மாள்

பையன் ஹாரோவில் இருந்தபோது எவரெஸ்ட் அம்மாள் அவனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். ஆயா வந்தால் பெரிய வீட்டுப் பையன்கள் ஒளிந்துகொள்ளும் காலம் அது. வின்ஸ்டன் அவர் கையைக் கோத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஊரைச் சுற்றிக் காட்டினான்.

1893-ல் செலவைக் காரணம் காட்டி அவரைக் குடும்பம் வேலையைவிட்டு நிறுத்தியது. சர்ச்சில் அம்மாவிடம் கோபப்பட்டு எழுதினார், தன் கையில் இருந்ததை அவ்வப்போது அவருக்கு அனுப்பினார். 1895 ஜூலையில் அவர் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தது. சர்ச்சில் ஓடினார். டாக்டரை வரவழைத்து, நர்ஸ் ஏற்பாடு செய்து, கடைசிவரை பக்கத்தில் இருந்தார். நனைந்துகொண்டே வந்திருந்த அவரைப் பார்த்து, ஜாக்கெட் ஈரமா இருக்கே, கழற்று என்றுதான் அந்த அம்மாள் கவலைப்பட்டார்.

கல்லறைக்குக் கல் வைத்தது சர்ச்சில். அதைப் பராமரிக்க வருஷா வருஷம் பணமும் கட்டினார். அந்தக் கட்டணத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.